மூன்று முகப்புகள் முன்னால் இருக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

2018 டிசம்பர் 6 அன்று ரஸ்ட் நிரல்மொழியின் 1.31 பதிப்பு வெளிவந்தது. கூடவே அதன் இணையதளமும் முழுக்க மாறியது. அதுவரை அங்கே போனவர் பார்த்தது வெள்ளைப் பின்னணியில் ஒரே ஒரு வாக்கியம்: இது அதிவேகமாக ஓடும், செக்ஃபால்ட்டைத் (நினைவகத்தைத் தவறாகத் தொட்டு நிரல் நின்றுபோவதை) தடுக்கும், த்ரெட் பாதுகாப்புக்கு (ஒரே நிரலின் பல பகுதிகள் ஒரே நேரத்தில் ஓடினாலும் மோதாமல் இருப்பதற்கு) உத்தரவாதம் தரும் சிஸ்டம்ஸ் மொழி, அதாவது இயங்குதளம் போன்ற அடிமட்ட மென்பொருளை எழுதும் மொழி. கீழே ஒரு பக்கம் மொழியின் அம்சங்கள், வரிக்கு ஒன்றாக. இன்னொரு பக்கம் ஒரு சின்ன நிரல், அதை அங்கேயே ஓட்டிப் பார்க்க ஒரு பொத்தான். மாற்றத்துக்குப் பிறகு போனவர் பார்த்தது மஞ்சள், ஊதா, பச்சை, சிவப்பு என்று பட்டை பட்டையாக இறங்கும் ஒரு பக்கம். நம்பகமான, திறமையான மென்பொருளை எல்லோரும் உருவாக்க வழிசெய்யும் மொழி என்றது தலைப்பு வாசகம். நிரல் ஒரு வரிகூட இல்லை.

மொழி அதேதான். ஆனால் இரண்டு முகப்புகளும் இரண்டு வேறு ஆட்களிடம் பேசின. பழையது, சி++ மொழியில் நிரல் எழுதி நொந்துபோன ஒருவரிடம் பேசியது. செக்ஃபால்ட் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. புதியது, ரஸ்ட்டைத் தன் நிறுவனத்தில் பயன்படுத்தலாமா என்று யோசிக்கும் மேலாளரிடமும், சிஸ்டம்ஸ் நிரலாக்கம் தனக்கு எட்டாது என்று இதுவரை ஒதுங்கி இருந்தவரிடமும் பேசியது.

ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் முன் அதன் இணையதளத்துக்கான இரண்டு மூன்று மறுவடிவமைப்பு மாதிரிகள் வந்து நிற்கும்போது பேச்சு நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் லோகோவின் அளவுக்கும் ஓடிவிடுகிறது. அதைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும், அதனால் எல்லோரும் பேசுவார்கள். முதல் திரை யாருக்கு என்ற கேள்வியைக் கேட்பவர் குறைவு. அதைத் தீர்க்காமல் மாதிரிகளை ஒப்பிடுவது வீண் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படி வரும் மாதிரிகளைப் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம். நிரலை முன்னால் வைப்பது ஒன்று. பயனை முன்னால் வைப்பது இன்னொன்று. இருக்கிற தளத்தைப் பெரிதாகக் கலைக்காமல், படியாகச் சீர்திருத்துவது மூன்றாவது. ஒவ்வொன்றையும் செய்து பார்த்த திட்டங்கள் இருக்கின்றன, அதனால் ஊகிக்க வேண்டியதில்லை.

நிரல் முன்னால்

பைத்தான் நிரல்மொழியின் தளம் இதற்கு நல்ல உதாரணம். பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 2012-ல் முறைப்படி முன்மொழிவுகளைக் கேட்டு, வெளி நிறுவனங்களிடம் பணியை ஒப்படைத்து, 2014 மார்ச்சில் புதிய தளத்தைக் கொண்டுவந்தது. முகப்பின் மேல் பகுதியிலேயே கறுப்புக் கட்டத்துக்குள் நிரல் துண்டுகள் மாறி மாறி வரும்: ஃபிபொனாச்சி வரிசை, பட்டியல்கள், எளிய கணக்குகள். ஒரு பொத்தானை அழுத்தினால் பைத்தானை பிரௌசருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கலாம். அதற்குக் கீழே நான்கு கட்டங்கள்: தொடங்குவது எப்படி, டவுன்லோடு, ஆவணங்கள், வேலைவாய்ப்பு. டவுன்லோடு பக்கத்தில் நம் கணினி விண்டோஸா மேக்கா என்று தளமே பார்த்து அதற்கான பொத்தானைக் காட்டுகிறது.

இதன் பலம் நேர்மை. பைத்தான் எளிது என்று வார்த்தையில் சொல்வதைவிட நான்கு வரி நிரலைக் காட்டினால் போதும், படிப்பவரே முடிவு செய்துகொள்வார். கற்க வருபவருக்கும், பத்து வருடம் அனுபவம் உள்ளவருக்கும், பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் அந்தக் கட்டம் ஒரே சமயத்தில் பயன்படுகிறது.

இந்த வகையில் ஒரு கஷ்டமும் உண்டு, அதை ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி அனுபவித்தது. அதன் தளம் நெடுநாள் ஒரு விக்கியாக இருந்தது. 2015-ல் வந்த புதிய முகப்பில், பகா எண்களைக் கண்டுபிடிக்கும் மிகச் சின்ன நிரலைப் போட்டார்கள். அதில் ஃபங்ஷனின் (நிரலுக்குள் ஒரு வேலையைச் செய்யும் பகுதியின்) பெயர் சல்லடை என்று பொருள்படும்படி இருந்தது, பகா எண்களைச் சலித்தெடுக்கும் பழைய கிரேக்க முறையான எரடோஸ்தனீஸின் சல்லடையை நினைவுபடுத்தும் பெயர். அந்த நிரல் உண்மையில் அந்தச் சல்லடை அல்ல. ஒவ்வொரு எண்ணையும் வகுத்துப் பார்க்கும், வேகம் மிகக் குறைந்த ஒரு வழி. விவரம் தெரிந்தவர்கள் உடனே சுட்டிக்காட்டினார்கள், கடைசியில் பெயரை வடிகட்டுவது என்ற பொருள் வரும்படி மாற்றினார்கள்.

இதை அற்பச் சண்டை என்று நான் நினைக்கவில்லை. முகப்பில் வைக்கும் நிரல் அந்தச் சமூகத்தின் கையெழுத்து மாதிரி. அது தவறாக இருந்தால், துல்லியத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு மொழி தன் வாசலிலேயே துல்லியத்தை விட்டுவிட்டதாக ஆகிவிடும். ஆக, நிரலை முன்னால் வைக்கும் மாதிரியை மதிப்பிடும்போது படத்தில் இருக்கும் நிரலையும் வடிவமைப்பின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்து, ஓட்டிப் பார்த்து, அந்த மொழியில் ஊறியவரிடம் காட்டிவிட வேண்டும். மாதிரிப் படங்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் ஏதோ ஒரு நிரலை வடிவமைப்பாளர் நிரப்பி வைத்திருப்பார்.

பயன் முன்னால்

ரஸ்ட் 2018-ல் எடுத்த வழி இது. ஏன் ரஸ்ட் என்று கேட்டு மூன்று பதில்கள்: வேகம், நம்பகத்தன்மை, உற்பத்தித்திறன். அப்புறம் அதை எங்கே பயன்படுத்தலாம் என்று நான்கு துறைகள்: கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் கமாண்ட் லைன் கருவிகள், பிரௌசருக்குள் நிரலை வேகமாக ஓட்டும் வெப்அசெம்பிளி, நெட்வொர்க்கிங், சின்னக் கருவிகளுக்குள் பதிக்கும் எம்பெடட் மென்பொருள். யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு நிறுவனங்களின் பெயர்கள்.

இது வெளியானபோது கடும் விமர்சனம் வந்தது. நிரல் எங்கே என்று கேட்டார்கள். ஒரு நிரல்மொழியின் தளத்தில் நிரலே இல்லாவிட்டால் எதை வைத்து முடிவெடுப்பது என்பது நியாயமான கேள்வி. நிறங்கள் கண்ணை உறுத்துகின்றன, சில இடங்களில் எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய வேறுபாடு இல்லை என்ற புகார்களும் வந்தன. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது மொழிபெயர்ப்பு. பழைய தளத்தைத் தன்னார்வலர்கள் பல மொழிகளில் பெயர்த்து வைத்திருந்தார்கள். புதிய தளம் முதலில் ஆங்கிலத்தில் மட்டும் வந்தது, மற்ற மொழிகள் பின்னால் சேர்ந்தன. எல்லோருக்கும் என்று சொல்லும் ஒரு வாசகத்தின் அடியில் அது பெரிய இடைவெளி. மாதக்கணக்கில் உட்கார்ந்து பெயர்த்த ஒருவர், ஒரு நாள் காலையில் தன் பக்கங்கள் இல்லாமல் போனதைப் பார்க்கும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் அந்த முடிவு முழுத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ரஸ்ட்டுக்கு அப்போது இருந்த சிக்கல், அதை எதற்குப் பயன்படுத்துவது என்று வெளியே பலருக்குத் தெரியாதது. மெமரி பாதுகாப்பு பற்றிக் கவலைப்படுபவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். வராதவர்களை அழைக்க வேண்டும் என்றால், அம்சப் பட்டியலைவிட நான்கு துறைகளைக் காட்டுவது பயனுள்ளது. இன்றைக்கும் அந்தத் தளத்தின் அடிப்படை அமைப்பு அதுதான். பழைய தளத்தையும் தனி முகவரியில் விட்டு வைத்தார்கள். அது நல்ல முடிவு, வேறு எந்தத் திட்டமும் தயங்காமல் பின்பற்றலாம்.

என் கணிப்பில், ஒரு திட்டம் என்ன செய்கிறது என்பதை நிரல் துண்டால் காட்ட முடியாதபோது பயன் முன்னால் வரும் வடிவமைப்பு சரி. ஒரு தரவுத்தளம், ஒரு காணொளி எடிட்டர், ஒரு மருத்துவமனை நிர்வாக மென்பொருள் எல்லாம் அந்த வகை. மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு நிரல் நூலகத்துக்கோ நிரல்மொழிக்கோ அது இரண்டாம்பட்சம்தான். ரஸ்ட்டே நான்கு துறைகளையும் பத்து வரி நிரலையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கலாம். இடம் இல்லாமல் போயிருக்காது.

கலைக்காமல் திருத்துவது

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் இணையதளம் பல வருடங்கள் கிட்டத்தட்ட ஒரே தோற்றத்தில் இருந்தது. 2011 பிப்ரவரியில் ஸ்க்வீஸ் பதிப்போடு தோற்றம் மாறியது, 2020 டிசம்பரில் முகப்பு மறுபடி எளிமையாக்கப்பட்டது. இரண்டு முறையும் அடியில் இருந்த அமைப்பை உடைக்கவில்லை. பக்கங்கள் எல்லாம் முன்கூட்டியே உருவாக்கி வைத்த நிலையான கோப்புகள். டபிள்யூஎம்எல் என்ற பழைய கருவிதான் அவற்றை உருவாக்குகிறது. மூலக் கோப்புகளை, மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் பழைய கருவியான சிவிஎஸ்ஸிலிருந்து புதிய கருவியான கிட்டுக்கு மாற்றியதே 2018-ல்தான்.

இதைக் கேட்டதும் பழமை என்று தோன்றலாம். மொழிபெயர்ப்பு அங்கே எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அந்த எண்ணம் மாறும். பெயர்க்கப்பட்ட ஒவ்வொரு கோப்பின் தலையிலும், ஆங்கில மூலத்தின் எந்தப் பதிப்பிலிருந்து பெயர்த்தது என்று ஒரு வரி இருக்கும். மூலம் மாறிவிட்டால் எந்த மொழியில் எந்தப் பக்கம் பின்தங்கியிருக்கிறது என்பது தானாகத் தெரியும். மிகவும் பழையதாகிவிட்டால் படிப்பவருக்கும் அறிவிப்பு வரும். பிரௌசரில் நாம் விரும்பும் மொழியைச் சொல்லியிருந்தால் சர்வரே அந்த மொழிப் பக்கத்தைத் தரும். ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை, வேகம் குறைந்த இணைப்பிலும் திறக்கும். பெயர்ப்பவரின் உழைப்புக்கு இவ்வளவு மரியாதை தரும் தளங்கள் குறைவு. புதிய மாதிரி எதுவாக இருந்தாலும் இந்த ஏற்பாட்டுக்கு ஈடாக அதில் என்ன இருக்கிறது என்று நான் முதலில் கேட்பேன்.

இந்த வழியின் குறை, புதியவருக்கு வழி தெரியாதது. வருடக்கணக்கில் சேர்ந்த இணைப்புகள், ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒட்டவைத்த பகுதிகள் எல்லாம் முகப்பில் குவிந்துவிடும். எதையும் எடுக்க யாருக்கும் மனம் வராது. டவுன்லோடு பொத்தானைத் தேடவேண்டியிருந்தால் அந்தத் தளம் அடிப்படை வேலையிலேயே தவறுகிறது. கலைக்காமல் திருத்துகிறோம் என்று சொல்லும் மாதிரி, எதை எதை நீக்குகிறது என்று பட்டியல் போட்டுக் காட்டவில்லை என்றால் அது திருத்தமே இல்லை.

படத்தில் தெரியாதவை

மாதிரிப் படத்தை வைத்துக்கொண்டு முடிவெடுப்பதில் உள்ள ஆபத்துக்கு, இணையதளம் உருவாக்கும் மென்பொருளான ட்ரூபல் சான்று. 2008-ல் ஒரு வடிவமைப்பு நிறுவனம் ட்ரூபல் சமூகத்தோடு பேசி, முன்மாதிரிகளை வெளிப்படையாகப் போட்டு, கருத்து கேட்டு, அழகான வடிவத்தைக் கொடுத்தது. அது பயன்பாட்டுக்கு வந்தது 2010 அக்டோபரில். இடையில் இரண்டு வருடம். அதைக் கட்டி முடிக்கும் பாரம் பெருமளவு தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது, அவர்களுக்கோ ட்ரூபலையே வளர்க்கும் வேலையும் இருந்தது. இணையதளம் உருவாக்கும் மென்பொருளை எழுதுகிறவர்களுக்கே இப்படி என்றால் மற்றவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

ஆக, ஒவ்வொரு மாதிரியோடும் அதைக் கட்டப்போவது யார், கட்டிய பிறகு பார்த்துக்கொள்ளப்போவது யார் என்ற பெயர்களும் வர வேண்டும். பைத்தான் தளம் ஜாங்கோ என்ற இணையக் கட்டமைப்பில் எழுதப்பட்ட முழுச் செயலி. நிகழ்வுகளையும் வேலை அறிவிப்புகளையும் செய்திகளையும் நிர்வாகப் பக்கத்திலிருந்து சேர்க்கலாம். அதற்கு சர்வர், தரவுத்தளம், பாதுகாப்புத் திருத்தங்கள், இவற்றைக் கவனிக்க ஆட்கள் எல்லாம் வேண்டும். அறக்கட்டளையும் சம்பளம் வாங்கும் ஊழியர்களும் இருக்கும் பைத்தானுக்கு அது சரி. மூன்று தன்னார்வலர்கள் வார இறுதியில் பார்த்துக்கொள்ளும் திட்டத்துக்கு அது சுமை. அவர்களுக்கு நிலையான கோப்புகளே போதும், அதை எந்த மலிவான சர்வரிலும் வைக்கலாம், உடைவதற்கும் அதிகம் ஒன்றுமில்லை.

அடுத்தது பழைய இணைப்புகள். பிஎச்பி நிரல்மொழியின் தளத்தில் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு எந்த ஃபங்ஷனின் பெயரை அடித்தாலும் அதற்கான கையேட்டுப் பக்கம் வந்து நிற்கும். பல ஆண்டுகளாக நிரலாளர்களின் விரல்களில் ஏறிவிட்ட பழக்கம் அது. பிஎச்பியின் தோற்றம் மாறியபோதும் அதைக் கைவிடவில்லை. ஒரு கட்டற்ற திட்டத்தின் ஆவணப் பக்கங்களுக்குப் புத்தகங்களிலும் பாடக் குறிப்புகளிலும் கேள்வி பதில்களிலும் நிரல்களுக்குள் எழுதிய குறிப்புகளிலும் இணைப்பு இருக்கும். அவற்றை யாராலும் போய்த் திருத்த முடியாது. மறுவடிவமைப்பில் முகவரிகள் மாறினால் பழையவை புதியவற்றுக்குத் திருப்பிவிடப்பட வேண்டும், ஒன்று விடாமல். எந்த மாதிரி நன்றாக இருந்தாலும் இந்த ஏற்பாடு இல்லாமல் வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வண்ண வேறுபாட்டை ரசனை என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அளவு இருக்கிறது. இணைய அணுகல்தன்மை விதிகளின்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேறுபாடு வேண்டும். மாதிரிப் படத்திலிருந்தே இதை அளந்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. அதேபோல பொத்தான்களின் உயரத்தையும் அகலத்தையும் ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் பொருந்தும்படி கட்டிப்போட்டால், தமிழ் போன்ற எழுத்துகளில் மேலே புள்ளியும் கீழே சுழியும் வெட்டுப்பட்டு நிற்கும், நீளமான சொல் வெளியே வழியும். ஒப்பிடும் கட்டத்திலேயே ஒவ்வொரு மாதிரியிலும் தமிழோ ஜெர்மனோ அரபியோ போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

டவுன்லோடு பக்கம்

முகப்பைவிட அதிகச் சண்டை வரக்கூடிய பக்கம் இது. மறுபடியும் ஹாஸ்கெல்தான். புதிய முகப்பு வந்த பிறகு, புதியவருக்கு எதைப் பரிந்துரைப்பது என்பதில் சமூகம் பிரிந்தது. ஹாஸ்கெல் பிளாட்ஃபார்ம் என்ற முழுத் தொகுப்பா, ஸ்டாக் என்ற கருவியா, குறைந்தபட்ச நிறுவியா? அதிகாரப்பூர்வ பக்கம் மூன்றையும் வரிசையாகக் காட்டியது. ஸ்டாக்கை முன்னால் வைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் 2016-ல் வேறு முகவரியில் இன்னொரு தளத்தையே தொடங்கிவிட்டார்கள். ஒரே மொழிக்கு இரண்டு வாசல்கள், இரண்டும் வேறு வேறு வழி சொல்கின்றன. நடுவில் மாட்டியது, முதல்முறை ஹாஸ்கெல் பழக வந்த ஆள்தான். அந்த இரண்டாவது தளம் நீடிக்கவில்லை. இன்றைக்கு அதிகாரப்பூர்வ தளம் ஜிஹெச்சிஅப் என்ற ஒரே கருவியைப் பரிந்துரைக்கிறது.

மூன்று வழிகளை ஒன்றாகக் காட்டுவது எல்லோருக்கும் நியாயம் செய்வதுபோலத் தெரியும். உண்மையில் குழு எடுக்க வேண்டிய முடிவை, எதுவும் தெரியாத புதியவர் தலையில் கட்டுவது அது. எந்த வடிவமைப்பாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அதனால் மாதிரிகள் வரும் முன்பே, முதல்முறை வருபவர் எதை நிறுவ வேண்டும் என்பதைத் திட்டத்தின் பொறுப்பாளர்கள் பேசித் தீர்த்து ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். மற்ற வழிகளை அதற்குக் கீழே, தெரிந்தவர்களுக்காக வைக்கலாம்.

சரி, என் தேர்வு

நடுத்தர அளவுள்ள ஒரு நூலகமோ மொழியோ கருவியோ வைத்திருக்கும் குழு, மூன்று மாதிரிகளோடு என்னிடம் வந்தால் நிரலை முன்னால் வைக்கும் மாதிரியைத்தான் எடுக்கச் சொல்வேன், பைத்தான் பாணியில். ஆனால் பைத்தானின் சர்வர் அமைப்பை எடுக்க வேண்டாம், டெபியனைப் போல நிலையான கோப்புகளாகக் கட்டட்டும். முகப்பில் மாறி மாறி வரும் கட்டங்களும் வேண்டாம், நன்றாகத் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு நிரல் போதும். அதற்குப் பக்கத்தில் நிறுவும் வழி, அதற்குக் கீழே இதை எங்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று ரஸ்ட் காட்டியது போல மூன்று நான்கு துறைகள்.

இறுதிப் பயன்பாட்டாளர்களுக்கான மென்பொருள் என்றால் பயன் முன்னால் வரும் மாதிரி, திரைக்காட்சிகளோடு. அந்தப் படங்களில் இருப்பது உண்மையான தற்போதைய பதிப்பாக இருக்க வேண்டும்.

குழுவில் தளத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர்கூட உறுதியாக இல்லை என்றால், எவ்வளவு அழகான மாதிரி வந்தாலும் இப்போதைக்கு மூன்றாவது வழிதான்: இருக்கும் முகப்பில் பாதி இணைப்புகளை எடுத்துவிட்டு, டவுன்லோடு பொத்தானை மேலே கொண்டுவந்து, நிறுவும் பக்கத்தைத் திருத்தி எழுதுவது. ஒரு வாரத்தில் முடியும் வேலை.

முடிவெடுக்கும் முறையைப் பொறுத்தவரை, எல்லோரும் வாக்களித்து எடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. வாக்களிக்க வருபவர்கள் எல்லோரும் அந்தத் திட்டத்தை ஏற்கெனவே அறிந்தவர்கள். தளம் யாருக்காகவோ அவர் அங்கே இருக்கமாட்டார். அதற்குப் பதிலாக, அந்த மென்பொருளைக் கேள்விப்பட்டே இராத நான்கைந்து பேரிடம் ஒவ்வொரு மாதிரியையும் கொடுத்து, இது என்ன செய்யும் என்று சொல்லச் சொல்லுங்கள், நிறுவும் வழியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் பேசாமல் பாருங்கள். அதில் ஒருவராவது கைபேசியில் பார்க்கட்டும், ஒருவராவது ஆங்கிலம் அவ்வளவு பழக்கமில்லாதவராக இருக்கட்டும். எங்கே நின்று தடுமாறுகிறார்கள் என்பதை எழுதிவைத்து, அந்தக் குறிப்புகளைப் பொறுப்பாளர்கள் இரண்டு மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து படித்து முடிவெடுக்கட்டும். ஏன் இந்த மாதிரி, ஏன் மற்றவை இல்லை என்று எழுத்தில் எல்லோருக்கும் தெரிவித்துவிடட்டும். ஏற்காத மாதிரியை வரைந்தவரும் தன் ஓய்வு நேரத்தைக் கொடுத்துத்தான் வரைந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு பதில் எழுதி, அவர் மாதிரியில் எந்தெந்தப் பகுதியை எடுத்துக்கொண்டோம் என்று சொல்வது அந்தக் குழுவின் கடமை.